மறைமலை நகரிலிருந்து டோக்கியோ எவ்வளவு தூரம்?

பள்ளிக்கூடத்துப் பையனைக் கேட்டாலும் சொல்லிவிடக்கூடிய கேள்வி இது என்று நேயர்கள் நினைக்கக்கூடும். மீனம்பாக்கத்து விமான நிலையத்துக்கும், டோக்கியோவைச் சேர்ந்த நரிட்டா விமான நிலையத்துக்கும் இடையே பூமியின் மீது மிகக் குறுகிய வழி ஏறக்குறைய 6,500 கிலோமீட்டர். மணிக்கு 850 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் ஜெட் விமானம், ஏறுவதற்கும் இறங்குவதற்கும் சேர்த்து, சுமார் எட்டு மணி நேரத்தில் அந்த வழியைக் கடந்துவிடும். இது பூகோள சாஸ்திரம் தரும் விடை.

ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து ஜப்பானுக்குப் பயிற்சிக்கோ வியாபாரத்துக்கோ போய் வந்தவரைக் கேளுங்கள். அவர் எட்டு மணி என்று சொல்ல மாட்டார். பதினான்கு என்பார், பதினாறு என்பார், இணைப்பு விமானம் தவறியிருந்தால் ஒரு நாள் என்பார். பூகோளமும் பொய் சொல்லவில்லை. பிரயாணியும் பொய் சொல்லவில்லை. எட்டுக்கும் பதினாறுக்கும் இடையே போன மணிகள் எங்கே போயின, அவற்றை வாங்கிக்கொண்டவர் யார் என்பதே நாம் ஆராய வேண்டிய விஷயம்.

இந்தக் கேள்வியை மறைமலை நகரில் நின்றுகொண்டு கேட்பதற்குக் காரணம் உண்டு. சென்னையின் நெரிசலைக் குறைப்பதற்காக 1980-ஐ ஒட்டித் துணை நகரமாக வகுக்கப்பட்ட இவ்வூர், தனித்தமிழ் இயக்கத்தின் தந்தையாகிய மறைமலை அடிகளின் பெயரைத் தாங்கி நிற்கிறது. (அடிகள் இக்கட்டுரையைக் கண்டிருந்தால் விஷயத்தை விட்டுவிட்டு, நாம் எழுதும் நடையைத்தான் முதலில் கண்டித்திருப்பார்.) இங்கிருந்து மேற்கே ஒரகடம், வடமேற்கே ஸ்ரீபெரும்புதூர். ஸ்ரீ இராமாநுஜர் அவதரித்த அந்த க்ஷேத்திரத்துக்கு முன்பெல்லாம் வெளியூரிலிருந்து வந்தவர்கள் யாத்திரிகர்களே. இன்று வருகிறவர்கள் யந்திர நிபுணர்களும் சரக்கு வாங்குவோரும் ஆவர். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் கொரியாவின் ஹூண்டாய் கார் உற்பத்தியைத் தொடங்கிற்று. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான் தொழிற்சாலை திறக்கப்பட்டது. ஜெர்மானியரின் டெய்ம்லர் லாரிகளும், ஜப்பானியரின் கோமாட்சு யந்திரங்களும், வல்லம் வடகாலில் யமஹா மோட்டார் சைக்கிள்களும் வந்து சேர்ந்தன. சிங்கப்பெருமாள் கோயிலை அடுத்து 2007 முதல் பி.எம்.டபிள்யூ. கார்கள் பூட்டப்படுகின்றன. நெல்லும் மணிலாக்கொட்டையும் விளைந்த செங்கற்பட்டுச் சீமையின் ஒரு பகுதி, ஒரு தலைமுறைக்குள் டோக்கியோவோடும் சியோலோடும் ஸ்டட்கார்ட்டோடும் நாள்தோறும் பேச வேண்டிய இடமாகிவிட்டது.

தூரதேசத்திலிருந்து வந்த முதல் தூரதேசத்திலிருந்தே திரும்பவும் அழைக்கப்படலாம். மறைமலை நகரிலேயே போர்டு கம்பெனி 2021 செப்டம்பரில் கதவை மூடப் போவதாக அறிவித்தது. 2022-ல் கடைசி வண்டி வெளியே வந்தது. 2024 செப்டம்பரில், ஏற்றுமதிக்காக மறுபடி திறக்க விருப்பம் என்று கடிதம் கொடுத்தது. மூன்று முடிவுகளும் அமெரிக்காவின் டியர்பார்னில் செய்யப்பட்டவை. தீர்மானம் செய்கிறவன் எட்டு மணி தூரத்தில் இருக்கிறானா, இருபது மணி தூரத்தில் இருக்கிறானா என்பது தொழிலாளிக்கு அற்ப விஷயமல்ல. கண்ணால் பார்க்கப்படாத தொழிற்சாலையைக் காகிதத்தில் மூடிவிடுவது சுலபம்.

இனி வழியைப் பார்ப்போம். சுவரில் மாட்டிய தேசப்படத்தில் சென்னைக்கும் டோக்கியோவுக்கும் ஒரு நூலைப் பிடித்தால் அது ஒரு வழியைக் காட்டும். பூமி உருண்டையின்மேல் அதே நூலை இழுத்துப் பிடித்தால் வேறொரு வழி தெரியும். இரண்டாவதே மெய்யான குறுக்கு வழி. அது மீனம்பாக்கத்திலிருந்து வடகிழக்காகக் கிளம்பி, வங்காள விரிகுடாவைத் தாண்டி, அரக்கான் கரையில் பர்மாவுக்குள் புகுந்து, தென் சீனத்து மலைகளைக் கடந்து, மஞ்சள் கடலின் வாயிலும் கொரியாவின் தென் முனையருகிலும் சென்று ஜப்பானை அடைகிறது. நடுவழியில் இது தேசப்படத்துக் கோட்டுக்கு நானூறு கிலோமீட்டருக்கும் அதிகமாக வடக்கே வளைந்திருக்கும். இத்தனை தேசங்களின் வானமும் திறந்திருந்தால்தான் இந்தக் கோடு செல்லுபடியாகும். 1944-ல் சிகாகோவில் கூடிய மகாநாட்டில், ஒவ்வொரு தேசத்தின் தலைக்கு மேலுள்ள வானம் அந்தத் தேசத்துக்கே சொந்தம் என்று உடன்படிக்கை செய்துகொண்டார்கள். ஆகவே ஆகாயத்துக்கு வேலி இல்லை என்பது கவிகளின் வாக்கு. விமானிகளின் அனுபவம் வேறு. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வானத்தை இந்திய விமானங்களுக்கு மூடியபோது, தில்லியிலிருந்து ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போன நம் விமானங்கள் ஒரே நாளில் தூரம் கூடிப் போயின. பூமி ஒரு சாண்கூட வளரவில்லை.

காற்றும் ஒரு கட்சிக்காரன்தான். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு வேகமான காற்றோட்டம் உண்டு. குளிர் காலத்தில் ஜப்பானுக்கு மேலே அது மிகவும் உக்கிரமாக வீசும். அதனால் இங்கிருந்து டோக்கியோ போவதைவிட அங்கிருந்து திரும்புவதற்கு ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ கூடுதலாகப் பிடிக்கும். இந்தக் காற்றை முதன்முதலில் பலூன் விட்டு அளந்து எழுதியவர் வாஸபுரோ ஊயிஷி என்ற ஜப்பானிய விஞ்ஞானி. 1920-களில் டாடேனோ ஆராய்ச்சி நிலையத்தில் இவ்வேலையைச் செய்தார். உலகம் முழுவதும் படிக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்துடன் தமது அறிக்கையை எஸ்பெராண்டோ என்னும் பொதுப் பாஷையில் வெளியிட்டார். உலகத்தில் அநேகமாக யாரும் படிக்கவில்லை!

காற்றை நாம் திருப்ப முடியாது. ஆனால் காற்றினால் வரும் வித்தியாசம் ஒரு மணி நேரம். மிச்சம் ஆறு ஏழு மணிகளை மனிதர்களே உண்டாக்கியிருக்கிறார்கள்.

2019 அக்டோபர் 27-ஆம் தேதி அந்த மணிகள் மறைந்தன. ஜப்பானின் ஏ.என்.ஏ. கம்பெனி நரிட்டாவுக்கும் சென்னைக்கும் வாரத்துக்கு மூன்று முறை இடையில் எங்கும் இறங்காத விமானம் விட ஆரம்பித்தது. தர்மத்துக்காக அல்ல, செங்கற்பட்டு, காஞ்சிபுரம் ஜில்லாக்களில் ஜப்பானியக் கம்பெனிகள் பெருகியிருந்ததைக் கணக்குப் பார்த்தே விட்டது. அதில் தவறில்லை. ஆனால் ஐந்து மாதம் முடிவதற்குள், 2020 மார்ச்சில், கொரோனா நோய் உலகத்தை அடைத்தபோது அந்த விமானமும் நின்றது. நோய் போயிற்று, மற்ற மார்க்கங்கள் ஒவ்வொன்றாக மீண்டன, சென்னையின் இந்த மார்க்கத்துக்கு மட்டும் மனுப்போட வேண்டியதாயிற்று. 2023-ல் ஜப்பானுக்குப் போய்த் திரும்பிய முதலமைச்சர் ஸ்டாலின், சென்னைக்கும் டோக்கியோவுக்கும் நேர் விமானம் வேண்டுமென்று மத்திய சர்க்காரின் விமான மந்திரிக்கு எழுதினார்.

நேர் விமானம் இல்லாத பிரயாணிக்கு என்ன வழி? சிங்கப்பூர் ஒரு வழி. சென்னையிலிருந்து சிங்கப்பூர் சுமார் 2,900 கிலோமீட்டர்; அங்கிருந்து நரிட்டா சுமார் 5,350. ஆக 8,250. வடகிழக்கே போக வேண்டியவன் தென்கிழக்கே பூமத்திய ரேகை வரை இறங்கிவிட்டு ஏற வேண்டும். காஞ்சிபுரம் போக வேண்டியவன் திண்டிவனம் போய்த் திரும்பும் கதைதான். தில்லி இன்னொரு வழி: 1,760-ம் 5,860-ம் சேர்ந்து 7,620 கிலோமீட்டர். தில்லியிலிருந்து ஏர் இந்தியா டோக்கியோவுக்கு நேரே பறக்கிறது. ஆனால் தென்னாட்டான் கிழக்கே போவதற்கு முதலில் வடக்கே ஆயிரத்தெழுநூறு கிலோமீட்டர் போய் ஆஜராக வேண்டும் என்பது, நம் தேசத்தில் வேறு பல காரியங்களுக்கும் உள்ள விதிதான். மூன்றாவது வழியே நம்மை அதிகமாகக் குத்துவது. ஜப்பான் ஏர்லைன்ஸ் பெங்களூரிலிருந்து நரிட்டாவுக்கு நேர் விமானம் விடுகிறது. நிஸ்ஸான் கார்கள் உற்பத்தியானது ஒரகடத்தில். டோக்கியோவுக்கு நேர் விமானம் தேவனஹள்ளியில். கன்னட நாட்டுச் சகோதரர்களுக்குக் கிடைத்ததைக் கண்டு நாம் பொறாமைப்படவில்லை. அவர்களுக்குக் கிடைத்தது நமக்கு ஏன் கிடைக்கவில்லை என்றே கேட்கிறோம்.

மறைமலை நகர் சிட்கோ பேட்டையில் இருபது பேரை வைத்து அச்சுக்கட்டைகளும் உதிரி பாகங்களும் செய்கிற ஒரு சிறு முதலாளியை எடுத்துக்கொள்வோம். ஜப்பானில் ஒரு கம்பெனி அவருடைய மாதிரியைப் பார்க்க அழைக்கிறது. வீட்டிலிருந்து கிராண்ட் ஸதர்ன் டிரங்க் ரோடு வழியாக வண்டலூர், தாம்பரம், பல்லாவரம் கடந்து மீனம்பாக்கம் சேருவது முப்பது கிலோமீட்டர். நெரிசலில் ஒன்றரை மணி. அயல்நாட்டு விமானத்துக்கு மூன்று மணி முன்னதாக நிற்க வேண்டும். பிறகு சிங்கப்பூருக்கு நாலேகால் மணி, அங்கே காத்திருப்பது மூன்று மணி, மேலே ஏழு மணி. மொத்தம் பதினெட்டே முக்கால். நேர் விமானமாயின் பன்னிரண்டரை. போக வர இரண்டு முறை இந்த நஷ்டம். பெரிய கம்பெனியின் நிர்வாகி இதைப் பொருட்படுத்த மாட்டார். அவருக்குப் படுத்துறங்கும் ஆசனம் உண்டு, போன இடத்தில் ஒரு நாள் இளைப்பாறச் சம்பளமும் உண்டு. சிறு முதலாளி இல்லாத நாட்களில் பட்டறையில் தீர்மானம் செய்ய ஆள் இல்லை. முதன்முறை தேசத்தை விட்டுப் போகும் இருபத்திரண்டு வயதுப் பயிற்சித் தொழிலாளியோ, பாஷை தெரியாத நிலையத்தில் நடுநிசியில் அடுத்த வாயிலைத் தேடி அலைகிறான். சுற்றுவழியின் பாரம் எளியவர் தலையிலேயே அதிகமாக விழுகிறது.

இது உடன்படிக்கையில்லாத குறை என்று சிலர் சமாதானம் சொல்லக்கூடும். அது சரியன்று. 2017 செப்டம்பரில் ஜப்பானியப் பிரதமர் ஆபே வந்திருந்தபோது, இரு தேசங்களின் கம்பெனிகளும் குறித்த நகரங்களுக்கு எத்தனை விமானம் வேண்டுமானாலும் விடலாம் என்று கையெழுத்தாயிற்று. அடுத்த இரண்டு வருஷத்தில் ஏ.என்.ஏ. சென்னைக்கு வந்ததே கதவு அடைபட்டிருக்கவில்லை என்பதற்குச் சாட்சி. கதவு திறந்திருக்கிறது; வண்டிதான் இல்லை. நெடுந்தூரம் பறக்கும் பெரிய விமானங்கள் இந்தியக் கம்பெனிகளிடம் குறைவு. இருப்பவற்றுக்குத் தில்லியும் பம்பாயுமே தாய்வீடு. சென்னையிலிருந்து ஐரோப்பாவுக்குப் பல ஆண்டுகளாக நேரே பறந்து வந்திருப்பவை லண்டனுக்குப் பிரிட்டிஷ் ஏர்வேஸும், பிராங்பர்ட்டுக்கு லுப்தான்ஸாவும். பிராங்பர்ட் டோக்கியோவைவிட ஆயிரத்து நூறு கிலோமீட்டர் தொலைவு கூடியது, சுமார் 7,600. ஆயினும் மறைமலை நகர்க்காரருக்கு டோக்கியோவைவிட பிராங்பர்ட் கிட்டே இருக்கிறது!

இதைக் காணும்போது தூத்துக்குடி நினைவு வராமலிராது. 1906-ல் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியை நிறுவியபோது, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் இல்லாமல் இல்லை. பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் கப்பல்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. எப்போது போவது, யாரை ஏற்றுவது, என்ன கட்டணம் என்று தீர்மானிக்கும் உரிமை நம்மிடம் இல்லை என்பதே பிள்ளையவர்களின் வாதம். சுதேசிக் கப்பல் வந்த பிறகு வெள்ளைக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து, இலவசமாகவே ஏற்றிக்கொண்டு குடையும் கொடுத்ததாகச் சொல்வார்கள். போட்டி வந்ததும் திடீரென்று பிரயாணிகளிடம் அவ்வளவு பிரியம்! 1908-ல் பிள்ளையவர்கள் சிறை புகுந்தார்; கம்பெனி பின்னர் அழிந்தது. இன்றைய நிலைமை அன்றைய கொடுமையல்ல; நம்மை யாரும் அடக்கவில்லை. ஆகையால் நமக்கு அன்றைக்கு இருந்த சமாதானமும் இல்லை.

ஆகாய மார்க்கத்தில் சென்னை பின்தங்கிப் பிறந்த ஊருமல்ல. 1910-லேயே டி ஆஞ்சலிஸ் என்ற ஓட்டல் முதலாளி, சிம்ப்சன் கம்பெனியில் கட்டுவித்த விமானத்தைப் பல்லாவரத்தில் பறக்கவிட்டார். 1932 அக்டோபரில் டாட்டா கம்பெனியின் முதல் தபால் விமானம் கராச்சியில் புறப்பட்டது, ஜே. ஆர். டி. டாட்டா தாமே ஆமதாபாத் வழியாகப் பம்பாய் வரை ஓட்டினார். அங்கிருந்து நெவில் வின்ஸென்ட் பல்லாரி வழியாக ஓட்டி வந்து சேர்ந்த கடைசி ஊர் எது? சென்னை. இந்தியாவின் சொந்த விமானத் தபால் முதன்முதல் முடிந்த இடம் நம்முடையது. 1948 ஜூனில் ஏர் இந்தியா இன்டர்நேஷனல் லண்டனுக்குப் பறந்தபோது புறப்பட்ட இடம் பம்பாய். கம்பெனி 1953-ல் தேசத்தின் உடைமையாகி, 2022 ஜனவரியில் டாட்டாக்களிடமே திரும்பிவிட்டது; சென்னை இன்னும் கிளையூராகவே இருக்கிறது.

மனிதர்களுக்குத்தான் இந்தச் சங்கடம், சரக்குக்கு இல்லை. 2025-ஆம் வருஷ ஆரம்பத்தில் அமெரிக்கா புதிய இறக்குமதி வரி விதிக்கப் போகிறதென்ற பயத்தில், ஆப்பிள் கம்பெனி தனி விமானங்களை அமர்த்திச் சென்னையிலிருந்து சுமார் 600 டன் ஐபோன்களை, அதாவது ஏறக்குறைய 15 லட்சம் டெலிபோன்களை, அமெரிக்காவுக்கு ஏற்றிச் சென்றதாக ராய்ட்டர் செய்தி கூறிற்று. அதற்காக மீனம்பாக்கத்தில் சுங்கச் சோதனைக்கு 30 மணி பிடித்ததை 6 மணியாகக் குறைத்துக்கொடுத்தார்கள் என்றும் அதே செய்தி சொல்லிற்று. இருபத்துநான்கு மணி நேரத்தைச் சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் மிச்சப்படுத்தியிருக்கிறார்கள்! புதிய ஓடுபாதை போடவில்லை, நிலம் எடுக்கவில்லை, கேட்கிறவன் பலசாலியாக இருந்தான், காரியம் நடந்தது. ஸ்ரீபெரும்புதூரில் அந்த டெலிபோனைப் பூட்டிய பெண்ணும், அதற்கு அச்சு வெட்டிய தொழிலாளியும் கேட்டால் ஆறு மணி நேரம் மிச்சப்படாதா?

இவ்விடத்தில்தான் பரந்தூர் விஷயம் வருகிறது. மீனம்பாக்கம் அடையாற்றுக்கும் குன்றுகளுக்கும் வீடுகளுக்கும் இடையே நெருக்குண்டு கிடப்பது உண்மை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் பல நாட்கள் நிலையமே மூடிக் கிடந்தது. காஞ்சிபுரத்தை அடுத்த பரந்தூரில் புதிய விமான நிலையம் அமைக்கப் போவதாக 2022 ஆகஸ்டில் அறிவிப்பு வந்தது. 2025 ஏப்ரலில் மத்திய சர்க்கார் கொள்கையளவில் சம்மதித்தது. வேண்டிய நிலம் ஐயாயிரம் ஏக்கருக்கு மேல். அதில் நஞ்சையும் உண்டு, ஏரிகளும் உண்டு. ஏகனாபுரத்து ஜனங்கள் அறிவிப்பு வந்த நாள் தொட்டு இரவுதோறும் கூடி ஆட்சேபித்து வந்தார்கள். 2024 பார்லிமெண்டுத் தேர்தலில் வோட்டுப் போடாமலே இருந்துவிட்டார்கள்.

பெரிய விமான நிலையம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நூறு வருஷம் நிற்கப்போகும் காரியத்தை இன்றைய நெரிசலை மட்டும் வைத்து அளக்கக்கூடாது. ஆனால் விமான நிலையம் என்பது தரை. மார்க்கம் என்பது வேறு. பரந்தூர் வந்தாலும் டோக்கியோ ஒரு கிலோமீட்டர்கூடக் கிட்டே வராது. ஸ்ரீபெரும்புதூர்க்காரருக்குச் சாலைத் தூரம் குறையலாம். மறைமலை நகர்க்காரருக்கு அதுவும் இல்லை, அவருக்கு நேர்ரோட்டில் மீனம்பாக்கமே லகு. புதிய ஓடுபாதையிலிருந்தும் சிறு விமானங்கள் கிளம்பி நம் ஜனங்களைச் சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் தில்லிக்கும் கொண்டுபோய்ப் பெரிய விமானத்தில் மாற்றிவிடுவதாக இருந்தால், ஏகனாபுரத்து விவசாயி எதற்காகத் தன் வயலை விட்டான்? நிலம் கொடுக்கிறவன் நஷ்டஈடு எவ்வளவு என்று மட்டும் கேட்பதில்லை; இதனால் யாருக்கு என்ன லாபம் என்றும் கேட்கிறான். அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் திட்டப் படத்தை விரித்துக் காட்டுகிறார்களேயன்றி, எந்தெந்த ஊருக்கு எத்தனை மணியில் நேரே போகலாம் என்ற ஜாபிதாவைக் காட்டக் காணோம்.

அந்த ஜாபிதாவைத் தயாரிக்கப் பரந்தூர் வரும் வரையில் காத்திருக்கத் தேவையில்லை. மீனம்பாக்கத்து ஓடுபாதையில் 2019-ல் இறங்கிய அதே ஜாதி விமானம் இன்றும் இறங்கும். ஏர் இந்தியா 2023 பிப்ரவரியில் 470 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. இண்டிகோ 2024 ஏப்ரலில் நெடுந்தூரம் பறக்கும் ஏ-350 விமானங்கள் 30-க்கு ஆர்டர் கொடுத்தது. அவை வந்து சேரும்போது இரண்டையாவது சென்னையில் நிறுத்தச் செய்ய வேண்டும். ஆசனங்கள் காலியாகப் போகுமென்று கம்பெனிகள் அஞ்சினால், அதற்கும் முன்மாதிரி இருக்கிறது. 2019-ல் கௌஹாத்தியிலிருந்து டாக்காவுக்கு விமானம் போவதற்கு அஸ்ஸாம் சர்க்கார் தன் கஜானாவிலிருந்து உதவித்தொகை கொடுத்தது. அஸ்ஸாமுக்கு முடிந்தது தமிழ்நாட்டுக்கு முடியாதா? ஒரகடத்திலும் மறைமலை நகரிலும் உள்ள கம்பெனிகளும் சிறு முதலாளிகளின் சங்கங்களும் வாரத்துக்கு இத்தனை ஆசனம் நாங்கள் எடுத்துக்கொள்கிறோம் என்று எழுதிக் கொடுக்கட்டும். குறைவதற்கு ஒரு வருஷத்துக்கு மட்டும் சர்க்கார் ஜாமீன் நிற்கட்டும். அந்த விமானம் சுதேசிக் கம்பெனியுடையதாக இருந்தால் நமக்கு இரட்டைத் திருப்தி. ஜப்பானியருடையதாக இருந்தாலும், 2019-ல் போல், வரவேற்போம்.

ஜப்பானுக்குப் போகும் அடுத்த மந்திரியோ தூதுகோஷ்டியோ புறப்படுமுன், இந்த ஆசனக் கணக்கைக் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும். வெறும் கோரிக்கைக் கடிதத்தை 2023-லேயே அனுப்பியாகிவிட்டது.